செயற்கைக்கோள் காட்டும் வழியும் சூரியன் செய்யும் குறும்பும்

நம் பாட்டன் பாட்டிமார் ஏறி வந்த கப்பல்களில் 'ரஜூலா'வின் பெயரைக் கேள்விப்படாத தோட்டக் குடும்பம் இருக்க முடியாது. 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை தமிழகத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. மேல்தட்டில் பாயை விரித்துப் படுத்திருந்த நம்மவர்களுக்கு எட்டுத் திக்கும் தண்ணீராகவே தெரிந்திருக்கும். ஆனால் மேலே நின்ற கப்பல் அதிகாரிக்குத் தாம் இருக்கும் இடம் தெரியும். நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கோணமானியால் அளந்து, கையிலுள்ள துல்லியமான கடிகாரத்தையும் பார்த்துக் கணக்குப் போட்டால், கடல் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து விடலாம். சூரியனை மேகம் மறைத்த நாளில் கணக்கு இல்லை. வேகத்தையும் திசையையும் வைத்து உத்தேசமாகப் போக வேண்டியதுதான்.

இன்று அந்த வேலையைச் செயற்கைக்கோள்கள் செய்கின்றன. நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசியிலேயே அந்த வசதி வந்துவிட்டது. சூரியனை நம்பி வழி பார்த்த காலம் போய்விட்டது என்று நினைக்கிறோம். சூரியனோ நம்மை விட்டபாடில்லை. இந்தச் செயற்கைக்கோள் கணக்கிலும் அது கை வைக்கிறது. அதிலும் வேறு பல நாட்டாரைவிட நம்மைப் போல் நடுக்கோட்டை அடுத்து வாழ்பவர்களுக்கு அதன் தொல்லை அதிகம். அது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் இந்த வழிகாட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இடி மின்னல் நமக்குப் புதிதல்ல. மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்குங்கள். மூன்று வினாடி கழித்து இடி கேட்டால் மின்னல் விழுந்த இடம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம். ஆறு வினாடியானால் இரண்டு கிலோமீட்டர். ஒலியின் வேகம் தெரியும், அது வர எடுத்த நேரம் தெரியும், ஆகவே தூரம் தெரிந்துவிடுகிறது.

ஜி.பி.எஸ். என்று நாம் சொல்லும் அமெரிக்க ஏற்பாட்டிலும் கணக்கு இதுவே. தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பதுக்குச் சற்றுக் கூடுதலான செயற்கைக்கோள்கள் நாளுக்கு இரண்டு முறை பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று அது ஓயாமல் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். கையிலுள்ள கருவி அதைக் கேட்டு, செய்தி வந்து சேர எடுத்த நேரத்தை அளந்து, தூரத்தைக் கண்டுபிடிக்கும். நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். மூன்று போதாதோ என்று கேட்கலாம். நம் கைத்தொலைபேசியில் அணுக் கடிகாரம் இல்லை. அதன் சாதாரணக் கடிகாரத்தைத் திருத்துவதற்கே நான்காவது ஆள் வேண்டியிருக்கிறது.

வானொலி அலை வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடக்கூடியது. மேலிருந்து கீழே வர அதற்கு ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். அந்த நேரத்தை அளப்பதில் பத்து லட்சத்தில் ஒரு வினாடி பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகிவிடும். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் புகுந்து விளையாடுவது இந்த நுண்ணிய நேரத்தில்தான்.

நமக்கு மேலே சுமார் 80 கிலோமீட்டரில் தொடங்கி ஆயிரம் கிலோமீட்டர் வரை அயனி மண்டலம் என்று ஒன்று உண்டு. சூரியனின் கடுமையான புற ஊதாக் கதிர்கள் அங்குள்ள மெல்லிய காற்றின் அணுக்களை அடித்து, அவற்றிலிருந்து மின்னணுக்களைப் பிய்த்தெறிகின்றன. ஆகவே அந்தக் காற்று மின்னூட்டம் பெற்று நிற்கிறது. 300, 400 கிலோமீட்டர் உயரத்தில் அது மிக அடர்த்தி.

பழைய நேயர்களுக்கு இந்த மண்டலம் வேற்றாளன்று. லயத்து வாசலில் டிரான்சிஸ்டர் பெட்டியை வைத்துக்கொண்டு, இரவு வேளையில் சிற்றலையில் இலங்கை வானொலியையும் அகில இந்திய வானொலியையும் தேடிப் பிடித்தவர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கடல் கடந்த ஒலிபரப்பு வளைந்த பூமியைத் தாண்டி நம் காதுக்கு எப்படி வந்தது? அயனி மண்டலம் அதைக் கண்ணாடிபோல் கீழே திருப்பி அனுப்பியதால் வந்தது. அப்படி ஒரு மண்டலம் உண்டு என்பதை 1924-இல் சோதனை செய்து நிறுவிய எட்வர்ட் ஆப்பிள்டன் என்ற பிரிட்டிஷ் அறிஞருக்கு 1947-இல் நோபெல் பரிசு கிடைத்தது. பாட்டு சில நேரம் தெளிவாகவும் சில நேரம் அலை அடித்தாற்போல ஏறி இறங்கியும் கேட்டதே, அதற்கும் காரணம் அந்த மண்டலத்தின் குணமே.

செயற்கைக்கோள் பயன்படுத்தும் அலை சிற்றலையைவிட அதிர்வெண் மிக மிக உயர்ந்தது. ஆகவே அது திரும்பிப் போகாமல் மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு கீழே வந்துவிடுகிறது. ஆனால் சும்மா வருவதில்லை. தார் ரோட்டில் விறுவிறு என்று நடந்து வந்தவர் வழியில் ஒரு சேற்று நிலத்தைக் கடக்க நேர்ந்தால் எப்படித் தாமதமாகுமோ, அப்படி இதன் செய்தியும் தாமதமாகிறது. கருவிக்குச் சேறு தெரியாது. "நேரம் கூட ஆகியிருக்கிறது, ஆகவே தூரம் கூட இருக்கும்" என்று அது கணக்குப் போட்டுவிடுகிறது.

எவ்வளவு கூட? இரவின் பிற்பகுதியில் சேறு வற்றிப்போவதால் ஓரிரு மீட்டர் அளவில் நின்றுவிடும். சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளில், நண்பகல் கழிந்து இரண்டு மணி அளவில், தலைக்கு நேர் மேலுள்ள செயற்கைக்கோளின் தூரத்தில்கூட 15, 20 மீட்டர் வரை பிழை ஏறலாம். அடிவானத்தை ஒட்டித் தாழ நிற்கும் செயற்கைக்கோளின் செய்தி மண்டலத்தைச் சாய்வாகக் கடப்பதால் பிழை இரண்டு மூன்று மடங்காகும். செம்பனைக் கன்றுகளை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறோம். 18 மீட்டர் என்றால் இரண்டு மரத்து இடைவெளி என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதை ஓரளவு சரிக்கட்ட ஒரு பொதுவான திருத்தக் கணக்கைச் செயற்கைக்கோளே சேர்த்து அனுப்புகிறது. அந்தத் திருத்தம் சுமாராகப் பாதிப் பிழையைக் குறைக்கும். எல்லாச் செயற்கைக்கோள்களுக்கும் பொதுவாக வரும் பிழை கடிகாரக் கணக்கோடு கழிந்துபோகும். மிச்சம் நம் தலையில் விடியும்.

இனி நம் ஊர்ச் சமாசாரத்துக்கு வருவோம். பூமி ஒரு பெரிய காந்தம். நிலத்துக்கு ஒரு நடுக்கோடு இருப்பதுபோல் காந்தத்துக்கும் ஒரு நடுக்கோடு உண்டு. இரண்டும் ஒன்றல்ல. நம் பக்கத்தில் காந்த நடுக்கோடு பினாங்கிலிருந்து வடக்கே சுமார் 300 கிலோமீட்டரில், தெற்குத் தாய்லாந்தின் மேல் செல்கிறது. அதே கோட்டைப் பிடித்துக்கொண்டு மேற்கே வங்கக் கடலைத் தாண்டிப் போனால் எங்கே போய்ச் சேரும் தெரியுமா? தமிழ்நாட்டின் தென்கோடிக்கு, திருநெல்வேலிச் சீமைக்கு! பினாங்கும் நெல்லையும் மேலே ஒரே கோட்டுக்கு அண்டை வீடுகள். திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்திய நிலக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதற்கும், திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் 1963 நவம்பர் 21-ஆம் நாள் இந்தியா தன் முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவியதற்கும் இந்தக் கோடே காரணம். தும்பா மீனவர் கிராமத்தைத் தேடிப்பிடித்தது இதற்காகத்தான்.

இந்தக் கோட்டின் மேல் என்ன அதிசயம்? பகலில் இங்குள்ள மின்னூட்டக் காற்று மேல் நோக்கித் தள்ளப்படுகிறது. நீரூற்றிலிருந்து எழும் தண்ணீர் இரு பக்கமும் வளைந்து விழுவதுபோல், அது காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் இறங்கிக் குவிகிறது. வடக்குக் குவியல் நடு இந்தியாவின் மேலும், தெற்குக் குவியல் ஜாவாத் தீவுப் பக்கத்திலும் நிற்கும். ஐரோப்பாவின் மேலுள்ள மண்டலம் சமதரைச் சேறு என்றால் நம் தலைக்கு மேலுள்ளது மேடும் பள்ளமுமான சேறு. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போட்ட கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது.

இதைப் பட்டறிந்தவர்கள் இந்தியர்கள். விமானங்கள் செயற்கைக்கோள் துணையோடு இறங்குவதற்காக, பிழையைத் திருத்திச் சொல்லும் 'ககன்' என்ற ஏற்பாட்டை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்தன. அமெரிக்கா பயன்படுத்திய அயனி மண்டலக் கணக்கு இந்திய வானத்துக்குச் சரிப்படவில்லை. தங்கள் வானத்தைத் தாங்களே அளந்து, தங்களுக்கென ஒரு கணக்கு முறையை உண்டாக்கினார்கள். அதன் பிறகே, விமானம் படிப்படியாக இறங்கும் பாதைக்கான சான்றிதழ் 2015 ஏப்ரலில் கிடைத்தது. இரவல் சட்டை நமக்கு அளவாக இருக்காது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தாமதத்தையாவது கணக்குப் போட்டுத் திருத்தலாம். அதைவிடப் பெரிய வம்பு ஒன்று அந்தி சாய்ந்த பிறகு வருகிறது.

சூரியன் மறைந்ததும் மண்டலத்தின் அடிப்பகுதி விரைவாகக் கலைந்து மெலிந்துவிடும். மேற்பகுதி கலையாமல் கனமாக நிற்கும். கனமானது மேலே, மெலிந்தது கீழே. இந்த நிலை எப்படி நீடிக்கும்? அடுப்பில் கஞ்சி தளதள என்று கொதிக்கும்போது அடியிலிருந்து குமிழிகள் மேலே கிளம்புகின்றன அல்லவா? அதைப்போல மெலிந்த காற்று குமிழி குமிழியாக மேலே ஏறும். குமிழி என்றால் சோப்புக் குமிழி அளவு என்று எண்ண வேண்டாம். ஒவ்வொன்றும் வடக்குத் தெற்காக நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீண்டு கிடக்கும். வினாடிக்கு நூறு மீட்டர் அளவு வேகத்தில் கிழக்கே நகர்ந்துகொண்டும் இருக்கும்.

இவற்றின் ஊடே வரும் செயற்கைக்கோள் அலை, வெயிலில் காய்ந்த தார் ரோட்டின் மேல் தூரத்துப் பொருள் ஆடித் தெரிவதுபோல் ஆடத் தொடங்கும். விண்மீன் மினுக்குவதைப் போன்ற அந்த மினுக்கலில் ஒலி வலுத்தும் மெலிந்தும் வரும். செயற்கைக்கோளின் ஒலிபரப்பு ஆற்றலே ஒரு சாதாரண மின்விளக்கின் அளவுதான். இருபதாயிரம் கிலோமீட்டர் வந்து களைத்துப்போன அந்த மெல்லிய குரல் மேலும் மெலிந்தால், கருவி அதைக் கைநழுவ விட்டுவிடும். பத்துச் செயற்கைக்கோள்களைக் கேட்டுக்கொண்டிருந்த கருவி திடீரென்று ஐந்தையோ நான்கையோ மட்டும் கேட்கும். விலை உயர்ந்த அளவைக் கருவிகளே இப்படி மலைத்து நிற்பதுண்டு.

இந்தக் குமிழிகள் நம் பகுதியில் இரவும் பகலும் சமமாக இருக்கும் பருவத்தில், அதாவது மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும், இரவு எட்டு மணிவாக்கிலிருந்து நள்ளிரவு வரை அதிகம். சூரியன் உக்கிரமான ஆண்டுகளில் மிக அதிகம். இலண்டனில் உள்ளவருக்குச் சூரியப் புயல் வந்தால்தான் தொல்லை. நமக்கோ புயல் ஏதும் இல்லாத அமைதியான இரவிலும் இது உண்டு. வேடிக்கை என்னவென்றால், பெரிய புயல் அடிக்கும் சில இரவுகளில் இந்தக் குமிழிகள் எழாமலே அடங்கிப்போவதும் உண்டு.

சூரியப் புயல் என்றேன். சூரியனில் கரும்புள்ளிகள் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. கொடைக்கானல் மலையில் 1899 முதல் இயங்கும் ஆய்வகம் நூறு ஆண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறது. புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் சூரியன் அடிக்கடி பெரும் மின்னூட்டக் குழம்பை வெளியே உமிழும். அது நம் திசையில் வந்தால் ஒன்று முதல் மூன்று நாளில் பூமியின் காந்தத்தை வந்து மோதும்.

1859 செப்டம்பரில் அப்படி மோதியபோது தந்திக் கம்பிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தாறுமாறாயின. பம்பாய்க் கொலாபா ஆய்வகத்தின் காந்த ஊசி பெரிய அளவில் துடித்தது. 1872 பிப்ரவரியில் அடித்த இன்னொரு புயலில் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே ஓடிய கடலடித் தந்தி தடுமாறியது. அதற்கு ஓராண்டு முன்னர்தான் சென்னையையும் பினாங்கையும் கடலடித் தந்திக் கம்பி இணைத்திருந்தது. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அறுபது லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தார்கள்.

நம் காலத்துப் புயல் 2024 மே 10, 11-ஆம் நாட்களில் வந்தது. இருபது ஆண்டுகளில் காணாத புயல். அமெரிக்காவில் அது மக்காச்சோளம் விதைக்கும் பருவம். அங்கே டிராக்டர்கள் செயற்கைக்கோளைப் பார்த்து, விரற்கடை பிசகாமல் கோடு போட்டு ஓடுகின்றன. அன்று கணக்குத் தவறி அவை வளைந்தும் நின்றும் போயின. பல பண்ணைக்காரர்கள் விதைப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். நடவு நாளில் வேலை நின்றால் என்ன நட்டம் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதுபோன்ற சமயத்தில், "இன்றிரவு விண்கதிர் பாய்கிறது, கைத்தொலைபேசியை அணைத்துத் தலைமாட்டிலிருந்து தள்ளி வையுங்கள்" என்று ஒரு செய்தி வீட்டுக்கு வீடு சுற்றும். அம்மாமார்கள் பயந்து நள்ளிரவில் பிள்ளைகளை எழுப்புவதும் நடக்கிறது. அது கட்டுக்கதை. தரையில் இருக்கும் நமக்கு நம் காற்று மண்டலமே பெரிய கூரை. புயலால் அலைகளின் கணக்குக் கெடும். உங்கள் தொலைபேசி வெடிக்காது, பிள்ளைக்கு ஒன்றும் நேராது.

சரி, பினாங்கில் நாம் எங்கே கவனமாக இருக்க வேண்டும்? எல்லாப் பழியையும் சூரியன் மேல் போடுவது நியாயமல்ல. ஜார்ஜ் டவுனில் கொம்தார் கட்டடத்தின் அருகே நின்று வழி பார்த்தால் பக்கத்துத் தெருவைக் காட்டுகிறதா? அங்கே குற்றவாளி பெரும்பாலும் கொம்தாரே. உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலை சுற்றி வருவதால் தூரம் கூடுகிறது. அடர்ந்த செம்பனைக் காட்டுக்குள்ளும் மட்டைகள் அலையை மறைக்கும். அதுவும் தவிர, தொலைபேசி வரைபடம் நம்மை அருகிலுள்ள சாலையில் தூக்கி வைத்துவிடுவதால், பத்து மீட்டர் பிழை நம் கண்ணுக்கே தெரிவதில்லை.

தோட்டங்களில் இப்போது டிரோன் பறந்து மருந்து அடிக்கிறது. அது பெரும்பாலும் காலை வேலை. ஆகவே இரவுக் குமிழிகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. இரவில் மீன் பிடிக்கப் போகும் சிறு படகுக்காரர் விஷயம் வேறு. கருவி ஒன்றை மட்டும் நம்பாமல் திசைகாட்டியையும் முக்காத் தலைக் கலங்கரை விளக்கையும் கண்ணால் பார்த்துக்கொள்வது நல்லது. மார்ச் மாத இரவில் கருவி சற்று நேரம் பிதற்றினால் அது பழுதாகிவிட்டது என்று கடையில் கொடுக்க வேண்டாம். ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது நிலத்தைப் பற்றி. தோட்டங்கள் கைமாறும்போதும் துண்டாடப்படும்போதும், வீட்டு மனை எதுவரை, கோவில் நிலம் எதுவரை, பள்ளி வேலி எங்கே என்ற சண்டைகள் வருகின்றன. இளைஞர்கள் கைத்தொலைபேசியை எல்லையில் வைத்து, "இதோ பாருங்கள், ஐந்து மீட்டர் உள்ளே வந்துவிட்டார்கள்" என்று வாதாடுகிறார்கள். தம்பி, அந்த ஐந்து மீட்டர் சூரியன் தந்ததாக இருக்கலாம்! காலையில் ஓர் இடமும் பிற்பகலில் ஓர் இடமும் காட்டக்கூடிய கருவி எல்லைக்குச் சாட்சி ஆகாது. கிராண்டில் உள்ள அளவும், தரையில் புதைத்த எல்லைக்கல்லும், உரிமம் பெற்ற நில அளவையாளரின் அளவையும்தான் செல்லும். அவர் கருவியும் செயற்கைக்கோளைத்தான் கேட்கிறது. ஆனால் நில அளவைத் துறை நாடெங்கும் நிறுவியுள்ள நிலையங்கள், தாம் நிற்கும் இடம் ஏற்கெனவே சரியாகத் தெரிந்தவை. அந்த நிமிடத்தில் வானம் எவ்வளவு பிழை செய்கிறது என்று அவை கண்டு சொல்ல, அளவையாளர் அதைக் கழித்துக்கொள்கிறார். அவர் கருவி இரண்டு அதிர்வெண்களில் கேட்பதும் இன்னொரு வசதி. தாழ்ந்த அதிர்வெண் சேற்றில் கூடுதலாகத் தாமதிக்கும். இரண்டும் வந்து சேர்ந்த நேர வித்தியாசமே சேற்றின் ஆழத்தைச் சொல்லிவிடும். 2018 முதல் சில கைத்தொலைபேசிகளிலும் இந்த இரட்டை வசதி வந்திருக்கிறது.

புயலை முன்கூட்டி அறியவும் ஆட்கள் இருக்கிறார்கள். 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய 'ஆதித்யா-எல்1' கலம், 2024 ஜனவரியில் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்று சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி, தமிழ்நாட்டுச் செங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவர். நம் பெண் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர். அவ்வளவு தூரத்தில் நிற்கும் கலங்களைப் புயல் முதலில் தொட்டுவிட்டுத்தான் நம்மிடம் வரும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை முன்னறிவிப்புக் கிடைக்கும்.

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். திடலின் நடுவில், மரமும் கட்டடமும் இல்லாத இடத்தில், ஒரு குச்சியை நட்டு, அதன் அடியில் தொலைபேசியை வைத்து, அது காட்டும் அகலக்கோடு, நெடுக்கோட்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஆறு மணிக்கு ஒருமுறை, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை. மார்ச்சில் இரண்டு வாரம், ஜூனில் இரண்டு வாரம் எழுதி வையுங்கள். குச்சி நகராது, எண்கள் எவ்வளவு நகர்கின்றன என்று பாருங்கள். எண்களின் ஐந்தாவது தசம இடத்தில் ஒன்று மாறினால் தரையில் ஏறக்குறைய ஒரு மீட்டர் என்று கணக்கு.